நாச்சிமுத்துவின் குரல் பிந்தி வந்த வருஷம்

செம்மேட்டுப்புதூர் வெல்ல மண்டியில் ஏலம் கூறுகிற நாச்சிமுத்துவின் குரல், அவரை முன்னால் போகவிட்டுத் தான் பின்னால் வரத் தொடங்கியது ஒரு சனிக்கிழமைக் காலையில். வைகாசி மழை விட்டு வெயில் ஏறி, குவித்துக் கிடந்த வெல்லத்தின் மேல் ஈக்கள் இறங்கி, வியாபாரிகள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றை மிதித்து வந்து சேர்ந்த நேரத்தில், நாச்சிமுத்து எப்போதும்போல முக்காலி மேல் ஏறி நின்றார், கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தார், விரலை நீட்டினார், உதடு ஓடியது, கை ஆடியது, சத்தம் மட்டும் வரவில்லை.

"தொண்டை கட்டிக்கிச்சாட்ட இருக்குதுங்கண்ணா. ஒரு வாய் டீ குடிச்சுப்போட்டு வாங்க" என்றார் மண்டிச் செயலாளர் தண்டபாணி.

நாச்சிமுத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாதி டம்ளர் குடித்திருப்பார், ஆளில்லாத முக்காலியின் மேலிருந்து அவருடைய அதே வெண்கலக் குரல், நடுவில் வரும் அதே இருமலோடு, "மொதக் குவியல், அச்சு வெல்லம், கேளுங்க சாமி, கேளுங்க" என்று கிளம்பிற்று. எல்லோரும் முக்காலியைப் பார்த்தார்கள், பிறகு டீக்கடையைப் பார்த்தார்கள், பிறகு வெல்லத்தைப் பார்த்தார்கள். வெயிலில் அது கசிய ஆரம்பித்திருந்தது. பாலக்காட்டிலிருந்து வரும் வர்க்கீஸ் முதலில் கையைத் தூக்கினார். குரல் எங்கேயிருந்து வந்தால் என்ன, விலை சரியாகத்தானே இருக்கிறது என்று மற்றவர்களும் தூக்கினார்கள். பொழுது உச்சிக்கு வருவதற்குள் குவியலெல்லாம் விற்றுத் தீர்ந்தது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஏன் என்று தெரிந்தவன் ஒருவன்தான், அவன் மண்டிக் குடோனின் வாசலில், ராத்திரிக் காவல் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், இடது மணிக்கட்டை வலது கையால் மூடிக்கொண்டு நின்றிருந்தான். அவன் பெயர் ராயப்பன்.

ராயப்பனுக்கு ஒரு வீடு இருந்தது. கரட்டுத் தோட்டத்து ஓரமாக, அவனும் அவன் பெண்சாதி சுலோச்சனாவும் சூளையில் கல் அறுத்து, கூலிக்குப் பதிலாகக் கல்லாகவே வாங்கி வந்து, மூன்று மழைக்காலம் தார்ப்பாய்க்குக் கீழே படுத்து, அடுக்கி எழுப்பிய ஓட்டு வீடு. குளியலறைச் சுவரில் சுலோச்சனா தன் கையால் நீல ஓடு பதித்திருந்தாள், ஒரு ஓடு கோணலாகப் போய்விட்டது, அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். கடனுக்கு அந்த வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் மண்டியில்தான் நடந்தது, கூறியவர் நாச்சிமுத்துதான். ராயப்பன் அதை மீட்கும் அளவுக்குப் பணம் புரட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டத்தின் பின்னால் வந்து நின்றான். ஒரு தரம் என்றார் நாச்சிமுத்து, ரெண்டு தரம் என்றார், ராயப்பன் தொண்டை கிழிய விலையைக் கத்தினான். நாச்சிமுத்து அவனைப் பார்த்தார். அப்புறம் தன் கையிலிருந்த தங்கக் கலர் வாட்சைப் பார்த்தார். அப்புறம் மூணு தரம் என்றார்.

வீடு அவருடைய மச்சினனுக்குப் போயிற்று.

"உன்ற கொரல் லேட்டாத்தான் வந்துச்சு ராயப்பா" என்றார் நாச்சிமுத்து, முக்காலியிலிருந்து இறங்கிக்கொண்டே. "கையில ஒரு வாட்ச் கட்டியிருந்தீன்னா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

மண்டி முழுக்க ஆட்கள் நின்றார்கள். தண்டபாணி நின்றார், வர்க்கீஸ் நின்றார், டீக்கடைக்காரர் நின்றார், எல்லோர் காதிலும் ராயப்பனுடைய சத்தம் நேரத்துக்கு விழுந்தது. ஒருவரும் விழுந்ததாகச் சொல்லவில்லை. மச்சினன் வீட்டை இடித்துக் கரும்புச் சக்கை காயப்போடும் களமாக்கினான், நீல ஓடு பதித்த குளியலறைச் சுவர் மட்டும் இடிக்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்ததில் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. ராயப்பனும் சுலோச்சனாவும் மண்டிக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியேறினார்கள், அவள் தையல் மிஷினை வாசலில் போட்டு உட்கார்ந்தாள், அவன் ராத்திரிக் காவலுக்குச் சேர்ந்தான். அன்றிலிருந்து அவனுக்கு வாட்ச் என்பது ஒரு நோயாகப் பிடித்துக்கொண்டது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் மணிக்கட்டைப் பார்ப்பான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கமாட்டான், கையைப் பார்ப்பான். காவலுக்கு உட்கார்ந்த இடத்தில் போனில் வாட்ச் வாட்சாகத் தள்ளிக்கொண்டிருந்தவன் கண்ணில் ஒருநாள் அந்த விளம்பரம் பட்டது. மாதம் பிறந்தால் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு வாட்ச், கூடவே துடைக்கத் துணி, மாற்றிப் போட இன்னொரு பட்டை, சின்ன திருப்புளி, வாட்சைப் பற்றிப் படிக்க வழவழப்பான ஒரு சின்னப் புத்தகம். சந்தா கட்டினால் வீடு தேடி வரும். என்ன வாட்ச் வரும் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், அதுதான் அதில் விசேஷமாம்.

"வாங்கற சம்பளத்துக்கு மாசம் ஒரு வாட்ச்சா?" என்றாள் சுலோச்சனா. "உங்களுக்கு எத்தன கைங்க?"

"ஒரு கையில இல்லாமத்தான் வீடு போச்சு."

அவன் சந்தா கட்டினான், அவள் கூரியர்காரன் கொண்டுவந்து கொடுக்கிற கறுப்புப் பெட்டியை மாதாமாதம் கையெழுத்துப் போட்டு வாங்கிவைத்தாள். முதல் மாதம் பச்சை கான்வாஸ் பட்டை போட்டது வந்தது, தண்ணீர் பட்டதும் மூடிக்குள் மூச்சு விட்டதுபோல ஆவி படர்ந்தது. அடுத்ததில் நொடி முள் ஓடாமல் துள்ளிற்று. ஒரு மாதம் வந்தது பொம்பளை வாட்ச், சுலோச்சனா அதைக் கட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய், வரிசையில் நின்றவர்கள் மணி கேட்க, மூன்று பேருக்கு மணி சொல்லிவிட்டு வந்து நாள் பூரா சந்தோஷமாக இருந்தாள். ராயப்பன் ஒவ்வொன்றையும் பஞ்சாயத்து ஆபீஸ் சங்கோடு ஒத்துப் பார்ப்பான், காதில் வைத்துக் கேட்பான், இது நல்ல ஜாதி, இது சோம்பேறி என்று தரம் பிரிப்பான், வாரத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுத்தபடியே ஒரே பெயரைப் பல்லுக்கிடையில் அரைத்துக்கொண்டிருப்பான்.

ஏழாம் மாதப் பெட்டியில் வந்த வாட்ச்சுக்குக் கம்பெனிப் பெயர் இல்லை. முகம் பழைய எலும்பின் நிறம். மணி, நிமிஷம், அதற்குக் கீழே தேதிக்கு ஒரு கட்டம், கிழமைக்கு ஒரு கட்டம், மாதத்துக்குக் குட்டியாக ஒரு வட்டம். பின்மூடி என்று ஒன்று இல்லை, ஒரே வார்ப்பு. எப்படிச் சரிசெய்தாலும் சங்குக்குப் பத்து நிமிஷம் பின்னால் ஓடிற்று. போனில் கூப்பிட்டுக் கேட்டான். "சார், அந்த மாசம் உங்க ஏரியாவுக்கு ப்ளூ டயல்தான் சார் அனுப்பினோம்" என்றாள் ஒரு பெண், "பிடிக்கலைன்னா ஒரு வாரத்துக்குள்ள திருப்பி எடுத்துப்போம் சார்." ராயப்பனுக்குப் பிடித்திருந்தது. அது கையில் ஏறியதும் கனத்தது, யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதுபோல.

அந்த ஊரில் புதிதாக எது வந்தாலும், அது லாரியோ, மிக்சியோ, மூக்குக் கண்ணாடியோ, மேட்டுப் பிள்ளையாரிடம் காட்டி ஒரு அர்ச்சனை பண்ணித்தான் எடுப்பார்கள். ராயப்பன் அந்த வாட்சையும் தட்டில் வைத்து நீட்டினான். பண்டாரம் அதில் ஒரு பூவைக் கிள்ளிப் போட்டு, பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "யாரு பேருக்குங்க?" என்றார். வருஷக்கணக்காக ஒரே பெயரை அரைத்துக்கொண்டிருந்த வாய்க்கு வேறு பெயர் வரவில்லை.

"நாச்சிமுத்து" என்றான் ராயப்பன்.

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

"அப்பச் சாமி நட்சத்திரம்" என்று பண்டாரம் மணியை ஆட்டி, அந்தப் பெயருக்கே அர்ச்சனையை முடித்துத் திருநீற்றை வாட்ச்சின் மேல் உதறினார். மறுநாள்தான் அந்தச் சனிக்கிழமை.

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட வேகம் ராயப்பனையே எரிச்சல்படுத்திற்று. நாச்சிமுத்து கூறிவிட்டு இறங்குவார், வியாபாரிகள் டீ குடிக்கப் போவார்கள், குரல் வருகிற நேரத்துக்கு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். டீக்கடைக்காரர் புதிதாக இரண்டு பெஞ்ச் வாங்கிப் போட்டார். டவுன் பஸ்ஸில் நாச்சிமுத்து இறங்கிப் போன பிறகு, காலியான சீட்டிலிருந்து "கோயில்மேடு ஒண்ணு" என்று குரல் கேட்கும், கண்டக்டர், "போன ஆளுக்கு இப்ப டிக்கெட்டாமா" என்று சிரித்துக்கொண்டே விசிலடிப்பார். ராயப்பன் சாவியைத் திருகி முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினான், பிறகு அரை நாள், பிறகு ஒரு நாள். ஒரு நாளானதும் நாச்சிமுத்து வெள்ளிக்கிழமையே வந்து சனிக்கிழமை ஏலத்தைக் கூறிவிட்டுப் போனார், அவர் உதட்டைப் படித்து விலையைத் தெரிந்துகொள்ள சவரக்கடைக்காரர் ஒருவரை வர்க்கீஸ் கூலிக்குப் பிடித்தார். வீட்டில் அவர் பெண்சாதி வேலாத்தாள், "நேத்து ரசத்துக்கு இன்னைக்குத் திட்டு வாங்கறேன். ஒருவிதத்துல நல்லதுதான், அதுக்குள்ள ரசம் தீந்துபோகுது" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அது யாருடைய வேலை என்று பண்டாரம் வழியாகப் பரவிற்று. யாரும் ராயப்பனைக் கண்டிக்கவில்லை, பயப்படவும் இல்லை. சிலர் வந்து தணிந்த குரலில், தங்கள் பங்காளி பெயரையும் அதில் சேர்க்க முடியுமா என்று கேட்டார்கள். தண்டபாணி தன் சம்பந்தியின் பெயரோடு நட்சத்திரத்தையும் கொண்டுவந்தார்.

"இது ஒருத்தனுக்கு வந்தது" என்றான் ராயப்பன். "உங்களுக்கெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

ஆடி மாதத்தில் ஒரு காலை, டீக்கடையில், ஊரே பார்த்திருக்க, அவன் நாச்சிமுத்துவுக்கு எதிரில் போய் நின்றான்.

"ஒரே பேச்சு. என்ற கொரல் அன்னைக்கு நேரத்துக்குத்தான் வந்துச்சுன்னு மண்டியில, இத்தன பேரு முன்னால சொல்லுங்க. இப்பவே முள்ளைச் சரிபண்ணீர்றேன். வீடு வேண்டா. அது போச்சு. அந்தச் சொல்லு வேணும்."

நாச்சிமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். உதடு நிதானமாக அசைந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் சொன்னது மறுநாள் அதே வேளையில் அதே இடத்தில் வரும் என்பதால், மறுநாள் டீக்கடையில் நிற்க இடமில்லை, வடை சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. குரல் வந்தது.

"ராத்திரிக் காவலுக்கு நிக்கற நாயிக்கு எதுக்குடா வாட்ச்சு? உன்ற பொண்டாட்டி ஒட்டுன ஓடாட்டமே நீயும் கோணலு. போடா."

சிரித்துவிட்டார்கள். அடக்கிக்கொள்ளப் பார்த்தும் முடியாமல் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள், தண்டபாணிக்குப் புரை ஏறிற்று. ராயப்பன் அங்கேயே, அவர்கள் கண்ணெதிரிலேயே, சாவியை முழுசாக இழுத்து, குட்டி வட்டத்திலிருந்த மாத முள்ளைப் பின்னோக்கிச் சுற்றினான், ஆனி, வைகாசி, சித்திரை என்று ஒவ்வொரு மாதத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சுற்றி, பழையபடி ஆடியில் கொண்டுவந்து நிறுத்திச் சாவியை அழுத்தினான்.

"இனி பேசட்டும்" என்றான். "அடுத்த வருஷம் கேட்டுக்கலாம்."

நாச்சிமுத்துவின் குரல் ஊரைவிட்டுப் போயிற்று. ஒரு வருஷம் கழித்து வருகிற விலைக்கு யாரும் வெல்லம் விற்க முடியாது என்பதால் மண்டியில் வேறு ஆளைப் போட்டார்கள், அவன் குரல் தகரத்தில் ஆணி இழுத்ததுபோல இருந்தது. நாச்சிமுத்து ஓரமாக உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். வாசலுக்கு வந்த எருமையை விரட்டக்கூட அவருக்குச் சத்தமில்லை. ராயப்பன் காவலுக்குப் போகும்போது வேண்டுமென்றே அவர் வீட்டு வழியாகப் போய், எதிரே நின்று, வாட்சைப் பார்த்து, மணியைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவான். அந்த நாட்களில் அவனுக்கு நன்றாகப் பசித்தது.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. சுலோச்சனா தையல் மிஷினையும் கத்தரிக்கோலையும் துடைத்து, ராயப்பனுடைய டார்ச் லைட்டையும் விசிலையும் வைத்து, வாட்ச்சுகளை வாழையிலையில் வரிசையாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனத்தைக் குழைத்துக் குழைத்து அப்பிக் குங்குமம் வைத்தாள். எலும்பு நிற வாட்ச்சுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தாள், அதன் மேல் அவளுக்குப் பயம் இருந்தது. பொரி கடலை வைத்துக் கற்பூரம் காட்டி முடித்த நேரத்தில், வாசலில் நாச்சிமுத்து நின்றார்.

இளைத்திருந்தார். தங்கக் கலர் வாட்ச் மணிக்கட்டிலிருந்து நழுவி முழங்கை வரைக்கும் ஓடிற்று. ராயப்பனைப் பார்த்து உதட்டை அசைத்தார், ஒரு விரலைக் காட்டினார், மறுபடி அசைத்தார், இரண்டு விரலைக் காட்டினார். அப்புறம் சும்மா நின்றார். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, எதற்கோ காத்திருப்பதுபோல, வெகுநேரம் நின்றார். ராயப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றான். நாச்சிமுத்து மறுபடியும் ஏதோ சொன்னார், நீளமாகச் சொன்னார், கடைசியில் மூன்று விரலைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் ராயப்பனுக்கு உறைத்தது. சொல்லிவிட்டாரோ? அந்தச் சொல்லைத்தான் வந்து சொல்லிவிட்டுப் போகிறாரோ? இல்லை, இன்னொரு தடவை நாய் என்றாரோ? முள்ளை முன்னால் தள்ளினால் இப்போதே தெரிந்துபோகும். உள்ளே ஓடினான். சுலோச்சனா இலைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தொடப்படாதுங்க. பூசையில வெச்சாச்சு. நாளைக்கு எடுத்துக்குங்க."

"அவன் என்னமோ சொல்லிப்போட்டுப் போறான் புள்ளே!"

"சொன்னது ஓடியா போயிரும்? வருஷம் பூரா உக்காந்திருக்கச் சொன்னவரு நீங்கதான, ஒரு நாள் உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து எடுத்தபோது, சந்தனம் சாவியின் இடுக்கிலெல்லாம் இறங்கிக் காய்ந்து சுண்ணாம்புக் காரைபோல இறுகியிருந்தது. எண்ணெய் விட்டான், ஊசியால் கிளறினான், பல்லால் கடித்து இழுத்தான். சாவி முறிந்து பல்லோடு வந்தது. வாட்ச் கடை பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னாடி மூடியே இல்லாததை எந்தப் பக்கம்ப்பா தொறக்கறது?" என்று கையில் திணித்தார். வாட்ச் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சரியாக ஒரு வருஷம் பின்னால்.

மாசி மாதத்தில் நாச்சிமுத்து, தொட்டியில் முகம் கழுவக் குனிந்தவர், நிமிராமல் செத்துப்போனார்.

ராயப்பன் சந்தோஷப்படப் பார்த்தான், முடியவில்லை. ஆள் தப்பித்துக்கொண்டது போலவே இருந்தது. எழவு வீட்டில் வேறொரு வம்பு நடந்துகொண்டிருந்தது. வேலாத்தாள் பூவையும் பொட்டையும் எடுக்கமாட்டேன் என்றாள்.

"அவரு பேசுனது இன்னும் வல்லீங்க. பேச்சு பாக்கி இருக்கறவரு எப்படிச் செத்தவரு? எல்லாம் வந்து தீரட்டும், அப்பறம் எடுக்கறேன்."

பங்காளிகள் கூடிப் பேசினார்கள். அவள் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் எல்லோருக்கும் பட்டது. காரியத்தைப் பண்ணிவிட்டு, பூவை விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆடியில் குரல் ஊருக்குத் திரும்பி வந்தது. நாச்சிமுத்து வீட்டில் காலையில் "காப்பி" என்று கேட்கும், வேலாத்தாள் டம்ளரைக் கொண்டுபோய் நாற்காலிக்குப் பக்கத்தில் வைப்பாள். போன வருஷம் அவர் உட்கார்ந்த ஓரத்திலிருந்து மண்டியில் போன வருஷ விலைகள் கேட்கும், வியாபாரிகள், "அப்ப எப்படி இருந்துச்சு பாரு" என்று பெருமூச்சு விடுவார்கள். ஆயுத பூஜையன்று ராயப்பன் வீட்டு வாசலில் அவர் சொன்னது தேதிப்படி வருமா திதிப்படி வருமா என்று பெரிய தர்க்கம் நடந்தது. சதுர்த்தியன்று, "கொழுக்கட்டையில உப்பு பத்தல" என்று குரல் வந்ததும் அது தீர்ந்தது. அர்ச்சனை பண்ணின வாட்ச் திதிப்படிதான் ஓடும் என்றார் பண்டாரம்.

ராயப்பன் ஊரையே கூப்பிட்டான். குடோன் கேட்டில் நின்று, போகிறவர் வருகிறவரை எல்லாம் பெயர் சொல்லி அழைத்தான். அன்றைக்கு அந்த மண்டியில் நின்ற ஒவ்வொரு காதும் தன் வாசலில் வந்து நிற்க வேண்டும். இன்னொன்றையும் அவன் தயார்செய்து வைத்திருந்தான். குரல் வந்து முடிந்ததும் அதன் மூஞ்சியில் வீச ஒரு வசவு, காவலுக்கு உட்கார்ந்த இரவுகளிலெல்லாம் தீட்டித் தீட்டிக் கூராக்கியது, நாச்சிமுத்துவில் தொடங்கி, தண்டபாணி, வர்க்கீஸ், டீக்கடைக்காரர், சிரித்தவர், சும்மா நின்றவர் என்று ஒருவர் விடாமல் போய் முடிவது. அன்றைக்கு முதல் பேச்சே அதுவாக இருக்கவேண்டும் என்று, காலையில் காவல் முடிந்து வந்து படுத்தவன், எழுந்து குளித்துச் சாப்பிட்ட வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது சுலோச்சனா ஒரு காரியம் செய்தாள். செத்துப்போனவர் பெயரில் ஒரு பொருள் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது அவளுக்கு ஆறு மாதமாகவே உறுத்திற்று. பூஜைக்கு முன்னால் அந்த வாட்சை எடுத்துக்கொண்டு போய் மேட்டுப் பிள்ளையாரிடம் தட்டில் வைத்தாள். "யாரு பேருக்குங்க?" என்றார் பண்டாரம். பெயரை மாற்றுவது என்றால் வீட்டுக்காரர் பெயருக்குத்தானே மாற்றுவார்கள்.

"ராயப்பன், சதய நட்சத்திரம்" என்றாள். அவன் எழுவதற்குள் கொண்டுவந்து கையில் கட்டிவிட்டாள், இந்தத் தடவை சந்தனம் வைக்கவில்லை.

லைன் வீட்டுச் சந்து கொள்ளாமல் கூட்டம். வேலாத்தாள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். "உங்கூட்டு வாசல்ல பேசுனாலும் என்ற ஊட்டுக்காரரு பேச்சு" என்றாள். யாரும் மறுக்கவில்லை. சுலோச்சனா தொன்னையில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தாள். கற்பூரம் அணைந்தது.

வாசற்படியின் மேலிருந்து, ஆள் நின்றிருந்த உயரத்திலிருந்து, அந்த வெண்கலக் குரல் எழுந்தது.

"கரட்டுத் தோட்டத்து ஓட்டு வீடு. ராயப்பன் கட்டுனது." ஒரு இருமல். "ஒரு தரம்."

சுலோச்சனா தொன்னை நீட்டிய கையை நிறுத்தினாள்.

"ரெண்டு தரம்."

அதற்குப் பிறகு குரல் இல்லை. வெறும் மௌனம் வாசற்படியில் நின்றது. அப்போதுதான் ராயப்பனுக்கு, அன்றைக்கு அந்த மனிதர் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதற்குக் காத்துக்கொண்டு நின்றார் என்பது தெரிந்தது. ஏலத்தை மறுபடியும் விட்ட இடத்திலிருந்து கூறியிருக்கிறார். மூணு சொல்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறார். தீட்டி வைத்த வசவு நாக்கிலிருந்து உதிர்ந்துபோய், அன்றைக்குக் கத்திய அதே விலை, ஒரு எழுத்துக் குறையாமல், அவன் அடிவயிற்றிலிருந்து கிளம்பிற்று. கழுத்து நரம்பு புடைத்தது. கை மேலே போயிற்று. வாய் அகலத் திறந்தது. சத்தம் வரவில்லை.

"வந்திருச்சு" என்றது நாச்சிமுத்துவின் குரல். "நேரத்துக்கு வந்திருச்சு. அன்னைக்கும் நேரத்துக்குத்தான் வந்துச்சு. மூணு தரம்."

அவ்வளவுதான். வேலாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்தில் முதலில் தலையாட்டியவர் தண்டபாணி.

"கேட்டுச்சு ராயப்பா. நல்லாக் கேட்டுச்சு."

"எனிக்கும் கேட்டு" என்றார் வர்க்கீஸ்.

"எங்களுக்கும் கேட்டுச்சு, எங்களுக்கும்" என்று சந்தின் கடைசி வரைக்கும் தலைகள் ஆடின. அன்றைக்கு எல்லோர் காதிலும் விழுந்தது, ஒருவரும் விழுந்ததாகச் சொல்லவில்லை. இன்றைக்கு ஒருவர் காதிலும் விழவில்லை, எல்லோரும் விழுந்ததாகச் சொன்னார்கள்.

ராயப்பன் அவர்களைப் பார்த்தான். உதிர்ந்துபோன வசவு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்து நாக்கில் ஏறிக்கொண்டது. படியில் இறங்கி, தண்டபாணியின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்தான், முடித்துவிட்டு வர்க்கீஸிடம் போனான், டீக்கடைக்காரரிடம் நின்றான், பண்டாரத்தையும் விடவில்லை, வரிசை தவறாமல் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, விரலை நீட்டி, கண் சிவக்க, உதடு கிழிய, சத்தமில்லாமல் முடித்துவிட்டு அடுத்தவரிடம் போனான். அவர்கள் மரியாதையாக, தொன்னையைக் கையில் பிடித்துக்கொண்டு, நன்றி சொல்கிறான் என்று எண்ணித் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுலோச்சனா மட்டும் அவன் கழுத்து நரம்பைப் பார்த்தாள். அப்புறம் அவன் கையிலிருந்த வாட்சைப் பார்த்தாள். காலையில் தட்டில் விழுந்த பூ நினைவுக்கு வந்தது. கையிலிருந்த சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"தலையாட்டுனது போதும், நிறுத்துங்க" என்றாள். "இப்ப உங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்கல. கேட்டுச்சுன்னு பொய் சொல்லாதீங்க. அடுத்த ஆயுத பூசைக்கு வாங்க. ஒருத்தர் விடாம, இதே மாதிரி, இதே எடத்துல வந்து நில்லுங்க. எங்கூட்டுக்காரரு உங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லி வெச்சிருக்காரு."

கூட்டம் கலைந்தது. போகிற வழியில் யாரும் சுண்டலைத் தின்னவில்லை. தண்டபாணி தெருமுனை வரைக்கும் போய், நின்று, திரும்பிப் பார்த்தார். ராயப்பன் இன்னும் அவருக்குத்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.